கடைசி வண்டியின் கட்டை

தொப்பூர் கணவாயில் ரோட்டை அகலப்படுத்திய வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஏரியூரில் எங்கள் மேட்டுக்காடு மூன்று வருஷமாக ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு ரோட்டு வேலைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்கள். விடுமுறை முடிந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள்.

பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். மேலே தருமபுரிப் பக்கம் அம்மா நின்றாள், கீழே சேலம் பக்கம் அப்பா நின்றார். ஆளுக்கொரு சிவப்புக் கொடி. இடையில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், நடுவில் ஒரு பெரிய வளைவு. ஒருவர் நிற்பது மற்றவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் கட்டை இருந்தது. முழ நீளம், பாதி சிவப்பு, பாதி வெள்ளை. அம்மா இருபது இருபத்தைந்து வண்டிகளை விட்டு, கடைசி வண்டியின் டிரைவரிடம் கட்டையைக் கொடுத்தனுப்புவாள். அவர் கீழே போய் அப்பாவிடம் நீட்டுவார். கட்டை கைக்கு வந்தால் ரோடு காலி என்று அர்த்தம். பிறகு அப்பா தன் பக்கத்து வண்டிகளை விட்டு, அதே கட்டையைக் கடைசி வண்டியில் மேலே அனுப்புவார். பாதுகாப்பு என்று காண்ட்ராக்டர் கொடுத்தது அந்தக் கட்டை, இரண்டு கொடி, ஓரக்கற்களுக்கு அடிக்க ஒரு டின் சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

வளைவில் பத்துப் பதினைந்து பெண்கள் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பக்கம் வெட்டிய மலை, மறுபக்கம் பள்ளம். இரண்டு பக்கமிருந்தும் வண்டி வந்துவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது. கட்டையை நம்பித்தான் அவர்கள் குனிந்து வேலை செய்தார்கள்.

தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். ஜல்லிக் கூடை தூக்க முடியாது என்று அப்பா மேஸ்திரியிடம் நடையாய் நடந்து அவளுக்கு இந்தக் கொடி வேலையை வாங்கியிருந்தார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மேஸ்திரி போட்ட நிபந்தனை. ஆனால் நாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டாயின் வெக்கையில் பகலில் நாய்கூடப் படுக்காது. அதனால் நான் அம்மாவுடனேயே இருந்தேன். மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தார் டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். லாரிப் படியில் ஏறிக் கட்டையைக் கொடுப்பது என் வேலை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அம்மாவால் எத்தனை தடவைதான் ஏறி இறங்க முடியும்?

என் கவலை வேறு. பொழுது சாய்ந்து கொட்டாய்க்கு வந்தால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதே இல்லை. அம்மா ராகிக்களி கிண்டுவாள். அப்பா இரண்டு கால்களையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட யாருக்கும் எழுந்திருக்க மனம் வராது. ஏரியூரில் இருந்தபோது ராத்திரி படுத்த பிறகும் பேசிக்கொண்டே கிடந்தவர்கள் அவர்கள். இங்கே வந்து மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை. ஒருநாள் அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“அப்பாகூட சண்டையாம்மா?”

“சண்டை போடத் தெம்பு வேணாமா கண்ணு?” என்றாள்.

அதை நான் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் சாதாரணச் சண்டை இல்லை, பெரிய சண்டை.

தீர்த்து வைப்பது என் பொறுப்பு என்றும் முடிவு செய்துகொண்டேன். ஊரில் அப்பா பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனால் கனகாம்பரம் வாங்கி வருவார். அன்றைக்கு அம்மா பேசுகிற பேச்சு இரண்டு நாளைக்குத் தாங்கும். எங்கள் முனையில் இருந்த சாப்பாட்டுக் கடையின் கொல்லையில் கனகாம்பரம் பூத்துக் கிடந்தது. கடைக்கார அம்மாவிடம் கேட்டுப் பறித்து, வாழைநாரில் கட்டி, பாவாடை மடிப்பில் ஒளித்துவைத்தேன். அம்மா அனுப்பியதாக நினைத்து அப்பாவுக்கு மனம் இளகும், சாயங்காலம் அவரே பேச்சை ஆரம்பிப்பார். என் கணக்கு அதுதான்.

அன்று உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி வண்டியாகக் கர்நாடகத்து லாரி ஒன்று வந்தது. டிரைவர் அந்த ரோட்டுக்குப் புதியவர் போல. படியில் ஏறும்போதே பூச்சரத்தைக் கட்டையில் சுற்றி அவரிடம் நீட்டினேன். “கீழ குடுத்துடுங்க” என்றேன். அவர் கட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “ஆய்த்தம்மா” என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அரை மணி நேரமாயிற்று. கீழிருந்து வண்டி வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. எங்கள் பக்கம் நின்ற வரிசை சாப்பாட்டுக் கடையைத் தாண்டிப் போய்விட்டது. முன்னால் நின்ற பஸ் டிரைவர் இறங்கி வந்தார்.

“ரோடு காலியாத்தான கெடக்குது. வுடு தாயி.”

“கட்டை வரட்டுங்க.”

“கட்டை என்னாத்துக்கு? உனக்குக் கண்ணு இல்லியா?”

“வளைவுக்கு அந்தாண்ட எனக்குக் கண்ணு இல்லீங்க” என்றாள் அம்மா.

ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் திட்டினார்கள். பஸ்ஸை மெதுவாக நகர்த்திப் பார்த்தார் டிரைவர். அம்மா கொடியைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் உட்கார்ந்தாளா, நிற்க முடியாமல் உட்கார்ந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் மேலுதடு முழுக்க வியர்வை. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது.

அப்போது வளைவிலிருந்து ஒரு ஜீப் வெளியே வந்தது. அதன் பின்னால் மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள், அதற்குப் பின்னால் லாரிகள். கீழே ஜீப்பில் இருந்த பெரிய மனிதர் சத்தம் போட்டிருக்கிறார். கட்டை வரவில்லை, விடமாட்டேன் என்று அப்பா மறித்திருக்கிறார். மேஸ்திரி அவர் கையிலிருந்து கொடியைப் பிடுங்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. வரிசையாக லாரிகள் மேலே ஏறி வருவதைப் பார்த்ததும் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்துகொண்டார்.

அம்மா எழுந்து ஒவ்வொரு லாரியிடமும் “கட்டை இருக்குதுங்களா?” என்று கேட்டாள். யாரிடமும் இல்லை. ரோடு மறுபடியும் காலியானது. இதுதான் கடைசியா, இன்னும் வருமா? அம்மா கொடியை இறக்கவில்லை. இந்தத் தடவை யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

கடைசியில் வளைவிலிருந்து ஓர் ஆள் நடந்து வந்தார். அப்பா. கீழே ஓர் ஆளை வழியை மறித்து நிற்க வைத்துவிட்டு, அந்த வெயிலில் மேட்டில் ஏறி, லாரிகளுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. மறு கையில் கட்டை.

“நாந்தான் கடைசி. வுடலாம்” என்றார் அம்மாவிடம்.

வளைவுக்குக் கீழே முனியப்பன் கல் ஒன்று உண்டு. ரோடு போடுகிறவர்களும் அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். புது டிரைவர்கள் அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாய் இறங்குவார்கள். ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழமோ பூவோ கொடுத்து, சாமிக்கு வைத்துவிடச் சொல்லி அனுப்புவதும் வழக்கம். கர்நாடகத்துக்காரரும் பூச்சுற்றிய கட்டையை முனியப்பன் காலடியில் பக்தியோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடந்து வரும் வழியில் அப்பா அதைப் பார்த்து எடுத்து வந்தார். இவ்வளவும் எனக்குப் புரிய ரொம்ப வருஷமாயிற்று.

அம்மா கட்டையைக் கையில் வாங்கினாள். கனகாம்பரம் வெயிலில் துவண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு சட்டென்று சரத்தை உருவித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். எனக்கு அழுகையெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அப்பா கையால் பூ வந்துவிட்டது, அம்மா வைத்துக்கொண்டும்விட்டாள்!

ஜீப்பை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பிய மேஸ்திரி, வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ஒளிந்துகொள்ள நான் மறந்துபோயிருந்தேன்.

“நீ கட்டையக் குடுத்தியா இல்லியா? புள்ளைய வெச்சுக் கொஞ்சிக்கினு இருந்தியா?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “அது குடுத்துடுச்சுங்க. எனக்கு வந்துச்சு. நாந்தான் சாமி கும்புடப் போயி, அங்கயே வெச்சுட்டு மறந்துட்டேனுங்க.”

“மறந்துட்டியா? அப்புறம் எதுக்குடா வழிய மறிச்ச?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நாளையிலருந்து கொடிப் பக்கம் வராத. தார் டிரம்முக்குப் போ” என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். அம்மாவின் கையில் கொடி அப்படியே இருந்தது. அவள் அதை அசைத்து பஸ்ஸை விட்டாள்.

தார் டிரம் என்றால் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க நெருப்புப் பக்கத்தில் நிற்பது. தம்பி பிறக்கும்வரை அப்பா அதில்தான் இருந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே இருந்த கறுப்புத் தழும்புகளைக் கடைசியாக நான் பார்த்தது அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. கொட்டாயில் அப்பாவும் அம்மாவும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு கேட்ட பேச்சு. வாடிய பூ அம்மாவின் கொண்டையில் இன்னும் இருந்தது. கிட்டப் போய், “பூ நல்லாருக்காம்மா?” என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “நல்லாருக்குது கண்ணு” என்றாள். அவ்வளவு பெரிய சண்டையைத் தீர்த்துவைத்த பெருமையில் அங்கேயே தூங்கிப்போனேன். அந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேரில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை.