நயினார் லாட்ஜில் நுரை நின்ற சனிக்கிழமை

காலை பத்து மணிக்கு மீன் தொட்டியின் ஸ்கிம்மரில் நுரை நின்றுவிட்டது. முந்தின நாள் நான்தான் அதை மாட்டியிருந்தேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜ். முதலாளி ஜைனர்; எல்லோருக்கும் அவர் நயினார். எண்பதுகளின் நடுவில், அங்கே நெடுநாள் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது தன் கடல் மீன்களையும் பவழப் பாறைகளையும் நயினார் தலையில் கட்டிவிட்டுப் போனார். நயினாருக்கு மீன் ஆசையெல்லாம் கிடையாது. விட்டால் செத்துப்போகும் என்றுதான் வைத்துக்கொண்டார். பெரிய தொட்டி கட்டித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஊரில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அதுவரை எனக்குத் தெரிந்தது கோல்ட் ஃபிஷ் மட்டும். வெளியே காட்டிக்கொள்வேனா?

பாண்டிச்சேரியிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்தது. ஜெர்மன்காரர் விட்டுப்போன புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது ஓர் உயரமான அக்ரிலிக் குழாய். அடியில் மரத்தால் செய்த ஏர் ஸ்டோன். அதிலிருந்து பொடிக் குமிழிகள் கிளம்பும். தண்ணீரிலுள்ள பிசுபிசுப்பான கழிவு அவற்றில் ஒட்டி, நுரையாக ஏறி, உச்சியிலுள்ள கப்பில் விழும். வெள்ளிக்கிழமை மாட்டினேன், சாயங்காலமே டீ நிறத்தில் அழுக்கு இறங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் போய், சாய்ந்திருந்த பாறை ஒன்றை இரண்டு கையையும் விட்டு நிமிர்த்தி வைத்தேன். பத்து மணிக்கு நுரை இல்லை. குமிழிகள் மேலே வந்து சும்மா உடைந்தன. வோல்டேஜ் கம்மி என்றேன். ஏர் பம்ப்பைக் கழற்றினேன். ஏர் ஸ்டோனை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை தொட்டிக்குள் கை.

நயினார் வந்து பார்த்தார்.

"மீனு மேல வந்து வாயத் தொறக்குதேப்பா."

"மெஷின் சரியில்ல நயினாரே. வெளிநாட்டு ஐட்டம்."

"நம்பி உட்டுட்டுப் போன உசுரு. இது நேராவாம நான் சாப்பிட மாட்டேன்."

அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை வேறு. ஜைனர் வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் அவர் எதையும் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆக, எனக்கு ஆறு மணி வரைதான் நேரம்.

நாலு மணிக்கு அவர் மனைவி வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்னிக்கி எண்ண தேச்சிக் குளிச்சியா?"

"ஆமாம்மா. சனிக்கிழமையாச்சே."

"முழங்கையெல்லாம் மினுக்குது பாரு. எண்ணச் சட்டியில சோப்பு நுர நிக்குமா? அந்தக் கையத்தான காலையிலேர்ந்து தண்ணியில உட்டுக்கினு இருக்க?"

அட கடவுளே! குனிந்து பார்த்தால் தண்ணீர் மேல் மெல்லிய படலம், வானவில் நிறத்தில். சீயக்காய் போட்டும் போகாத என் நல்லெண்ணெய்.

பழைய செய்தித்தாளைத் தாள் தாளாகத் தண்ணீர் மேல் பரப்பி எடுத்தேன். படலம் காகிதத்தோடு வந்தது. பிறகு தொட்டியைத் தொடவே இல்லை. மீன்கள் கீழே இறங்கின. ஆறு ஆயிற்று. நுரை வரவில்லை. ஆறே முக்காலுக்கு வந்தது.

"வந்துடுச்சா? நல்லது. மீனுக்குத் தீனி போட்டியா?" என்றார் நயினார்.

"நீங்க சாப்பிடலியே..."

"பொழுது போயிடுச்சில்ல. காலையில பாத்துக்கலாம்."

"நயினாரே, தப்பு மெஷின்ல இல்ல. என் கையில."

"தெரியும். அவ அப்பவே சொன்னா."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் கையைப் பாருங்கள். தொட்டி வேலை இருக்கிற நாளில் எண்ணெய் தேய்ப்பதை நான் அன்றோடு விட்டேன்.

அந்த ராத்திரி நயினார் பட்டினி கிடந்தார். நான் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.