நூறு கிலோ ஆள்

போடிமெட்டிலிருந்து போடி வரைக்கும் பிரேக்கைத் தொடாமல் சைக்கிளில் இறங்கியவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான். போன ஐப்பசி மாதம் வரை எல்லா டீக்கடையிலும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தனையும் பொய். கொண்டை ஊசி வளைவு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, உருட்டிக்கொண்டுதான் வருவேன்.

படிப்பு அஞ்சாப்பு. போடியில் ஒரு ஜீப் பட்டறையில் வேலை. ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் பாரம் தாங்காமல் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். இன்னொரு ஸ்பிரிங் பட்டையைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்திவிடுவது என் வேலை. அதில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்டால் ஜீப்காரர் பத்து என்பார். நாங்கள் இருபது என்று வைத்துக்கொண்டு பட்டை ஏற்றுவோம். உண்மையைச் சொன்ன ஜீப்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

என்னிடம் ஒரு மலைச் சைக்கிள் இருந்தது, பழசாக வாங்கியது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக்குக் கால்கள் மெலிசு. கல்லில் ஏறினால் முறுக்கிக்கொள்ளும். நான் ஒரு பக்கம் திருப்பினால், தண்ணி போட்ட மச்சான் மாதிரி அது ஒரு பக்கம் போகும். மதுரையில் ஒரு சைக்கிள் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் பொறுமையானவர். தடித்த காலுள்ள ஃபோர்க் இருக்கிறது, முறுக்காது, உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று, ஆளின் எடைக்குத் தக்கபடி அடித்து அனுப்புகிறேன் என்றார். எடை எவ்வளவு என்று கேட்டார்.

என் எடை ஐம்பத்திரண்டு. அதுவும் சட்டைப்பையில் ஸ்பேனர் இருந்தால். ஆனால் பட்டறைப் புத்தி விடவில்லை. சொன்னதை அப்படியே நம்பிக் காற்றடிப்பார் போலிருக்கிறது, பாவம், தொழில் தெரியாதவர் என்று இரக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக நானே இரண்டால் பெருக்கி நூறு என்றேன். என் குரல் நூறு கிலோ குரல் இல்லை. நூறா என்று இன்னொரு தரம் கேட்டார். நூறேதான் என்றேன்.

ஃபோர்க் வந்தது, மாட்டினேன். பட்டறையே கூடி நின்று ஹேண்டில் பாரை அமுக்கிப் பார்த்தது. அசையவில்லை. என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, சைக்கிளை ஒரு ஜீப்பின் தலையில் போட்டு மலைக்குப் போனேன். எஸ்டேட் ஆட்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மழை விட்டு, கல்லெல்லாம் வழுக்கல்.

முதல் கல்லிலேயே புரிந்திருக்க வேண்டும். ஃபோர்க் முறுக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் அமுங்கவும் இல்லை, நூறு கிலோ ஆளுக்கு அடித்த காற்றாயிற்றே. ஒவ்வொரு கல்லும் நேராக என் உள்ளங்கைக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. சக்கரம் தரையில் இருந்த நேரத்தைவிட ஆகாயத்தில் இருந்த நேரம் அதிகம். கொஞ்ச தூரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்பது எனக்கே தெரியவில்லை.

ஒரு திருப்பம் திரும்பினால், வேலை முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நடந்து போகிறார்கள். விலகச் சொல்லிக் கத்தினேனா என்று இன்றைக்கும் தெரியாது. சத்தம் கேட்டு மற்றவர்கள் செடிக்குள் ஒதுங்கினார்கள். ஒரு அக்காவுக்கு மட்டும் ஒதுங்க இடமில்லை, பக்கத்தில் பாறை. ஹேண்டில் பாரை ஏதோ வெடுக்கென்று இழுத்தது. அப்புறம் வானம், ஏலச்செடி, மறுபடியும் வானம்.

பாதைக்குக் கீழே சரிவில் செடிகளுக்கு நடுவில் கிடந்தேன். மேலே பார்த்தால் இலைதான் தெரிந்தது. பக்கத்தில் சைக்கிள், சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹேண்டில் பார் முனையில் பூப்போட்ட துண்டு ஒன்று தொங்கியது. இடுப்பில் கட்டுகிற துண்டு. முடிச்சு அவிழவில்லை. துணிதான் கிழிந்திருந்தது.

அந்த முடிச்சைப் பார்த்ததும், அதைக் கட்டியிருந்த அக்கா என்ன ஆனாரோ என்று பதறிப்போனேன். ஏழெட்டுப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திட்டவாவது மாட்டார்களா என்று காத்துக் கிடந்தேன். தூக்கத்தில்கூட வாய் மூடாதவன் நான். அக்கா என்று கூப்பிட நாக்கு எழும்பவில்லை.

எவ்வளவு நேரமோ. இலையை விலக்கிக்கொண்டு அந்த அக்காவே சறுக்கி இறங்கி வந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. சுழன்று மல்லாக்க விழுந்து மூச்சுப் பிடித்துக்கொண்டதாம். மற்றவர்கள் அவரை உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்களாம்.

"எனக்கு ஒண்ணுமில்ல அப்பு. நீ மொதல்ல கையக் கால ஆட்டிக் காட்டு."

ஆட்டினேன். ஒரு மணிக்கட்டு புடைத்திருந்தது. ஹேண்டில் பாரில் கிடந்த துண்டையே எடுத்துக் கட்டிவிட்டார். அழுதுகொண்டே ஃபோர்க் கதை முழுவதையும் உளறிக் கொட்டினேன். கை மரத்துப்போன இடம் வந்ததும் அவர் தலையாட்டினார்.

"எங்க ஜீப்பும் அந்த மாதிரிதான். நாங்க கடேசி எஸ்டேட்டு. வழியெல்லாம் ஆளு எறங்கிருவாக. ஜீப்பு காலியானதும் தூக்கித் தூக்கிப் போடும் பாரு, எறங்குனா தூக்குவாளியப் பிடிக்கக் கையி வராது. எந்தப் பாவி அம்புட்டுப் பட்டைய ஏத்துனானோ."

பின்னாலேயே இறங்கி வந்திருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நீ என்ன சோலி பார்க்கிறாய் என்று அந்த அக்கா கேட்டார். சைக்கிள் கடை என்றேன்.

அவர்களோடேயே ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கம் ஏறும்போதே பட்டையைப் பார்த்துவிட்டேன். நான் கட்டிய கட்டு. அடுத்த எஸ்டேட் வரை ஜீப்பில் ஆள் குறைச்சல். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எல்லோரும் எகிறி விழுந்தோம். பல வருடமாகப் பட்டை ஏற்றுகிறேன், ஒரு நாளும் பின்னால் உட்கார்ந்து போனதில்லை. அந்த அக்கா என் கையைத் தன் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டே வந்தார். அப்போதுதான் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, நீயா? அக்கா, நம்ம ஜீப்புக்குப் பட்டை ஏத்துனதே இவன்தான்."

அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. விழுந்ததைவிட அதில்தான் நான் ஆடிப்போனேன். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று மெல்ல வாயைத் திறந்தேன், என்ன சொன்னேன் என்றால்...

முதலாளி கூப்பிடுகிறார். ஜீப் ஒன்று வந்து நிற்கிறதாம், வெரசா வாடா என்கிறார். போக வேண்டும். இப்போதெல்லாம் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்பதோடு, கடைசியில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்றும் கேட்கிறேன். ஜீப்காரர் யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மேலிருந்து ஒரு சத்தமும் வராமல் நான் செடிக்குள் கிடந்த நேரம் மறுபடியும் ஞாபகத்துக்கு வரும், பட்டையில் ஒன்றைக் குறைத்துவிடுவேன்.