காலி மாத்திரை அட்டைகள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிவரை நடந்து திரும்ப நாற்பத்தைந்து நிமிடம். ஒரு டம்ளர் காபி. எட்டு மணிக்கு மின்னஞ்சல் பார்த்தேன். ஓசூரிலிருந்து ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். இரத்தப் புற்றுநோய் பற்றிய என் கட்டுரையைப் படித்தாராம். அதில் சொன்னபடி ஒரு நோயாளிக்கு மறுநாள் காலை மருந்தை மாற்றப் போகிறாராம். இதை டைரியில் எழுதி அடிக்கோடும் இட்டேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

நாங்கள் பார்க்கும் வகைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் தினம் ஒரு மாத்திரை போதும், விடாமல் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விடாமல் போட்டும் பலன் காணாதவர்களைப் பற்றியது என் ஆய்வு. அவர்களுக்குக் காத்திருக்காமல் அடுத்த மருந்துக்குப் போய்விடலாம் என்று முடித்திருந்தேன். விடாமல் போட்டார்கள் என்பதற்கு ஆதாரம், அவர்கள் கொண்டுவந்த காலி அட்டைகள். ஒவ்வொரு முறையும் எவர்சில்வர் தட்டில் பரப்பி நானே எண்ணுவேன். பிறர் எண்ணியதை நான் ஏற்பதில்லை.

அன்று பதினொன்றே காலுக்கு மருத்துவமனையில் லிஃப்ட் வேலை செய்யாததால் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினேன். கீழ்ப்படியில் ஸ்ரீராம்புரத்துப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். தெரு பெருக்கும் மாநகராட்சி ஊழியர். ஆய்வில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். முதல் மருந்து பலிக்கவில்லை என்று நான்தான் அவரை இரண்டாவதற்கு மாற்றியிருந்தேன். அன்று மூன்றாவதைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். அவர் மடியில் கைக்குட்டையை விரித்து, அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். "இந்த நேரத்துல நீங்க மேலதான சார் இருப்பீங்க?"

"என்னம்மா பண்றீங்க?"

"உங்களுக்கு அட்டை காலி பண்றேன்."

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எதற்காக என்று கேட்டேன்.

"அஞ்சரைக்கு வேலைக்கு வந்துட்டேன்னு கைரேகை வெக்கணும் சார். டிபன் எட்டரைக்குத்தான். நீங்க சாப்ட்டுட்டு ஒரு சொம்புத் தண்ணியோட போடச் சொன்னீங்க. அவ்ளோ தண்ணிய குடிச்சுட்டு ரோட்ல எங்க போறது? பதினொரு மணி வரைக்கும் பொம்பளைங்களுக்கு ஒரு எடம் கிடையாது. இன்னைக்கு மாதிரி லீவு நாள்ல மட்டும் போடுவேன்."

"முதல் மருந்தும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"ராத்திரி போட்டிருக்கலாமே."

"கவர்ல சூரியன் படம் ஒட்டினது யாரு? நானா?"

இரவிலும் போடலாம், மருந்துக்கு வேறுபாடில்லை. எல்லாரும் ஒரே வேளையில் போட்டால் குறிப்புகள் சீராக இருக்கும் என்று காலையைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"ஒரு தடவ நாலு மாத்திர மிச்சம் கொண்டாந்தேன். பேனாவ மூடி வெச்சுட்டு நீங்க பேசவே இல்ல. காலி அட்டன்னா வெரி குட் சொல்வீங்க. நீங்க சிரிக்கறதே அப்போ மட்டுந்தான். சும்னே எதுக்கு உங்க மூஞ்சியக் கெடுக்கறது?"

பிதுக்கிய மாத்திரைகளை என்ன செய்கிறார் என்று கேட்டேன். வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கிறதாம். வீச மனசு வரவில்லையாம்.

மூன்றாவது மருந்தை எழுதவில்லை. இருக்கிற மருந்தையே இரவு வேளைக்கு மாற்றிக் கொடுத்தேன். "அப்போ சூரியனக் கிழிச்சுட்டு நிலாவ ஒட்டுங்க," என்று அவர் கவரை நீட்டினார். எங்களிடம் நிலா படம் இல்லை. பேனாவால் வரைந்தேன். முதல் மருந்தே இவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம். இவ்வளவு காலம் அரைகுறையாகப் போட்ட பிறகு இனி எது பலிக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், தேற்றவில்லை, திட்டவுமில்லை.

ஆறரைக்கு வீடு திரும்பிப் பழைய டைரிகளை எடுத்தேன். அவர் வந்த நாட்களிலெல்லாம் "காலி அட்டைகள் சரி" என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பது எங்கும் இல்லை. பலன் காணாதவர்கள் என்று நான் எழுதிய மற்றவர்கள் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பதும் இல்லை.

கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு பத்தி வந்தது. ஓசூர் மருத்துவரின் எண் மின்னஞ்சலின் அடியில் இருந்தது. இரவு எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு சொல்வதுதான் முறை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்துவிட்டேன். ஒழுங்கின் பெயரால் செய்த தவறுகளில் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்தேன். நடக்கப் போகவில்லை. காபியும் போடவில்லை. முதலில் ஓசூருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் தூக்கக் குரல்.

"இன்னைக்கு மருந்த மாத்தாதீங்க டாக்டர். உங்க பேஷண்ட் காலையில எத்தன மணிக்கு வேலைக்குப் போறாங்க, மாத்திரய எப்பப் போடறாங்கன்னு முதல்ல கேளுங்க."

"உங்க பேப்பர்ல அதெல்லாம் கேட்கச் சொல்லலையே சார்?"

"சொல்லல," என்றேன். "நானும் கேட்கல."