முளைப்பாரி வைத்த வீடு

நாங்கள் குடியிருக்கும் நகரின் நுழைவில் ஒரு பெரிய வளைவு உண்டு. அதைத் தாண்டினால் தார்ச்சாலை, சாலையின் இருபுறமும் மனைகளுக்கு நட்ட எல்லைக் கல், கல்லுக்கு நடுவே சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்குள் ஏழு வீடுகள். மனை விற்ற தரகர் எங்களை முதன்முதலில் இங்கே கொண்டுவந்து நிறுத்தியபோது, "ரெண்டே வருசத்துல காரைக்குடி இங்குட்டு வந்துரும்க்கா, பாத்துக்கிட்டே இருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் கை நீட்டிய திசையை நானும் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காரைக்குடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்போது என் கணவருக்குத் தொழில் ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆசாரி குடும்பம், மர வேலையை விட்டு மாடுலர் கிச்சனுக்கு மாறியிருந்தார். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஜல்லி குவிந்து கிடந்த காலம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் நேரில் பார்க்காமலேயே இங்கே மனை வாங்கினார்கள். பிறகு அங்கே வேலை சுருங்கி ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வாங்கிய மனையில் வீடு கட்ட யாருக்கும் தெம்பில்லை. வீடே கட்டாத ஊரில் மாடுலர் கிச்சனுக்கு என்ன வேலை? என் கணவர் பழைய கதவுகளுக்குக் கீல் மாற்றப் போனார்.

எங்கள் நகரே பெட்ரோலை நம்பிப் போடப்பட்டது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பாலுக்கு வண்டி, பள்ளிக்கு வண்டி, ஒரு பொட்டலம் கடுகுக்கும் வண்டி. நான் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்கூட்டரில் போய்வருவதற்காக வேலை பார்க்கிறேனா, வேலை பார்ப்பதற்காகப் போய்வருகிறேனா என்று மாதக் கடைசியில் எனக்கே சந்தேகம் வரும். மினி பஸ் முதலில் ஞாயிற்றுக்கிழமை நின்றது. பிறகு மதியம் நின்றது. பிறகு நின்றேவிட்டது.

"பூமியில எண்ணெ தீந்துபோச்சுன்னு யாரும் வந்து தண்டோரா போட மாட்டாக. மினி பஸ் வராது, அம்புட்டுத்தான்" என்றார் என் கணவர்.

அடுத்து நின்றது தண்ணீர் லாரி. மற்ற ஆறு வீட்டுப் போர்வெல்லும் வற்றிப்போயிருந்தது, இல்லையென்றால் உப்புக் கரித்தது. ஏழு வீட்டுக்காக இத்தனை தூரம் டீசல் எரிக்கக் கட்டுப்படியாகாது என்று லாரிக்காரர் கையை விரித்துவிட்டார். எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் தண்ணீர் இனிப்பாக வந்தது. அது எங்கள் யோகம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஏழு வீடும் சேர்ந்து ஒரு சோலார் மோட்டாரை வாங்கி எங்கள் மொட்டைமாடியில் பலகைகளை வைத்தோம். எங்கள் கொல்லையிலிருந்து ஆறு வீட்டுக்கும் என் கணவரே குழாய் இழுத்தார்.

ஒன்று பொதுவானதும் எல்லாமே பொதுவானது. தினம் ஒரு வீட்டு வண்டிதான் டவுனுக்குப் போகும். ஏழு வீட்டுச் சாமானும் அதில்தான் வரும். எனக்கு வயிறு சரியில்லை என்றால் அது ஏழு வீட்டுக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் மாத்திரை வாங்கி வருகிறவர் வேறு வீட்டுக்காரர். ஆளில்லாத மனைகளில் முள்ளை வெட்டிக் கத்தரியும் கீரையும் போட்டோம். வெட்டிய முள் அடுப்புக்கு ஆனது. ஒருநாள் ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு, வருங்காலத்துக்கு நாங்கள்தான் வழிகாட்டி என்று உணர்ச்சிவசப்பட்டார். எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பதை இத்தனை அழகாகவும் சொல்ல முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் காரில் வந்தார், காரில் போனார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு முட்டியது. கெட்டவர்கள் யாரும் இல்லை, அதுதான் கஷ்டமே. குழாயடியில் ஒருவர், கீரைப் பாத்தியில் ஒருவர், உப்புக் கேட்டு வாசலில் ஒருவர். எதிர்வீட்டுக்காரி, நாட்டரசன்கோட்டைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். காலையில் என் வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்கு அவள் வீட்டுக் கதவும் திறக்கும். அவள் எனக்கு உயிர். சில நாள் அந்தக் கதவுச் சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்ளலாமா என்றும் இருக்கும்.

இந்த நிலையில்தான் என் மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அவள் கணவருக்குத் தெரிந்த மரச்சாமான் கம்பெனியில் அவள் அப்பாவுக்கு மேற்பார்வை வேலை ஒன்று இருக்கிறதாம். மாதக் கடைசி வரைதான் வைத்திருப்பார்களாம். என் கணவர் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டார். எங்கும் போகவில்லை, சும்மா போட்டுக்கொண்டார். வீட்டை விற்றால்தான் அங்கே ஒரு கூரை பார்க்க முடியும். பழைய தரகரையே பிடித்தோம். யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் நகருக்கும் ஒரு திருவிழா வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. பூங்காவுக்கு என்று விட்டிருந்த இடத்தில் வேப்பமரத்தடியில் மாரியம்மன் படம் ஒன்று இருந்தது. காப்புக் கட்டி முளைப்பாரி போடுவது என்று முடிவானது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மண்சட்டியில் எருவும் வைக்கோலும் போட்டுப் பயறு விதைத்து, வெளிச்சம் படாத ஓர் அறையில் எல்லாப் பெண்களின் சட்டியையும் சேர்த்து வைத்து வளர்ப்போம். கடைசி நாள் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைப்போம். அதுவரை காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. சட்டி இருக்கும் வீட்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது.

"தண்ணி ஒங்க வீட்டுலதானக்கா இருக்கு, சட்டியும் அங்கயே இருக்கட்டும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நான் என்ன சொல்ல முடியும்? வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்று சொல்ல முடியுமா? வீடு பார்க்க வருகிறவர் திருவிழா முடிந்துதான் வருவார் என்று தரகர் சொல்லியிருந்த தைரியத்தில் தலையாட்டினேன். எங்கள் படுக்கையறைக் கட்டில் பிரித்து அடுக்கப்பட்டது. ஜன்னல்களில் சாக்கு. என் கணவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்குப் போனார். எங்களிடம் கார் இருந்ததில்லை, இடம் மட்டும் கட்டியிருந்தோம். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது.

இருட்டில் அந்தப் பயிர் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். வெளிச்சத்தைத் தேடி வெளுத்துப்போய் நெட்டுக்கு ஏறும். அதைப் பார்த்துத்தான் செழிப்பு என்று குலவை போடுகிறோம். சாயங்காலம் பெண்கள் வந்து கும்மி கொட்டுவார்கள். என் வீட்டில் எனக்கு உட்கார இடம் அடுப்படி மட்டும்தான்.

அப்படியிருக்கும்போது தரகர் போன் பண்ணினார். வாங்குகிறவருக்கு நாளைக்கு மட்டும்தான் நேரமாம்.

மறுநாள் அவர்கள் வந்தபோது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி கேட்டிலேயே மறித்தாள்.

"உள்ள முளைப்பாரி இருக்குங்க. ஆம்பளைக வரப்படாது. தப்பா எடுத்துக்கிறாதீக."

வந்தவர் நடுவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஐயையோ, சாமி காரியம். நான் வீட்டுக்குள்ள வரலம்மா. கொல்லையில போரை மட்டும் காட்டுங்க, போதும்."

"இவுக யாருக்கா?" என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சவுக" என்றேன்.

சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். அவர் மோட்டாரைப் போடச் சொன்னார். கையில் பிடித்துக் குடித்தார், கண்ணை மூடி இன்னொரு கை குடித்தார். கோடையிலும் இறங்காதா என்று கேட்டார். இறங்காது என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். பிறகு அந்த மனிதர் சுவரோரம் வரிசையாகக் கிளம்பிப் போகும் குழாய்களைப் பார்த்தார்.

"பத்திரம் முடிக்கிறதுக்குள்ள இந்த லைனையெல்லாம் பிரிச்சு விட்டுருவீகள்ல? கேன் தண்ணி போடப்போறேன், எனக்கு மொத்தமும் வேணும். வீட்டைப் பத்திக் கவலையில்ல, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

முளைப்பாரிக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டுக்காரி குடத்தோடு எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குடம் நிரம்பியது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திருவிழா முடிந்ததும் முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவுகளும் வேற போர் போட்டுக்கிறட்டுமே" என்றார். ஆறு வீட்டிலும் தோண்டிப் பார்த்த குழி இருக்கிறது என்பது குழாய் இழுத்த அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீல் மாற்றிப் பிழைக்கிறவர் இஸ்திரிச் சட்டைக்கு ஆசைப்படுவது தப்பா?

அன்று சாயங்காலம் சண்டை வரும் என்று காத்திருந்தேன். ஏழு வீட்டில் ஒரு விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள். கும்மி கொட்டினார்கள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. காலையில் எதிர்வீட்டுக்காரி வந்து சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, "ஒங்க சட்டிதான்க்கா ஒசரம்" என்றாள். நான் மனதுக்குள் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். எங்களுக்கு மட்டும் பிழைப்பு வேண்டாமா? என் மகளைப் போய்ப் பார்க்க ஒவ்வொரு தடவையும் பெட்ரோலை எண்ணிக்கொண்டா இருப்பேன்? உங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகவா நான் பிறந்தேன்? ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கேட்பார் இல்லை. கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் சட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு கண்மாய்க்குப் போனோம். தரகர் காட்டிய திசைக்கு நேர் எதிரே, எப்போதும் அங்கேயே இருந்த கண்மாய் அது. முழங்கால் அளவுதான் தண்ணீர் கிடந்தது. சட்டியை இறக்கிப் பயிரைக் கரைத்தோம். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக் காப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, நகத்தால் நெம்பினாள்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஏத்தா, அன்னைக்குக் கேட்டுக்கிட்டுத்தான நின்ன? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா ஒனக்கு?"

அவள் முடிச்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டா நீங்க இருந்துருவீகக்கா. எனக்குத் தெரியாதா ஒங்கள? அதுனாலதான் யாரையும் கேக்க வேணாம்னு சொல்லிப்புட்டேன். அண்ணன் பாவம், எம்புட்டு நாளைக்குக் கீல் மாத்திக்கிட்டுத் திரிவாக. போயிட்டு வாங்க. நாங்க எப்படியாச்சும் பாத்துக்கிறோம்."

கயிறு அவிழ்ந்தது. அதைத் தண்ணீரில் விட்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற பெண்கள் கரையேறிப் போனார்கள்.

மறுநாள் காலை அந்த மனிதரின் போன் வந்தது. என் கணவர் எடுத்துப் பேசாமல் என்னிடமே நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் என்னிடம் பேச வெகுநாளானது. கோயம்புத்தூர் வேலைக்கு வேறு ஒருவர் போய்விட்டார். இஸ்திரி போட்ட சட்டை இன்னும் கொடியில் தொங்குகிறது, நானும் எடுத்து மடிக்கவில்லை.

அவள் நல்லவள், இப்போதும் எனக்கு உயிர். ஆனால் அவள்மேல் எனக்கு இருக்கிற கோபம் தீராது. அன்றைக்கு அவள் மட்டும் வாசலில் வந்து நின்று, போகக் கூடாது என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சண்டை போட்டுவிட்டு, ஆறு குழாயையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.