டிவிக்கு அளவெடுத்த டெய்லர் பாய்

செய்தி வந்தபோது நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். டிவியில்தான். மலை இறக்கம், பின்னால் இருபது டன் மரம். போனில் ஜமால் பாயின் மகள், "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். காலையில் பசியாறிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். கேம் லாரிதானே என்று அப்படியே விட மனம் வரவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் அழுதேன்.

எங்கள் ஊர் ஜாசினில் அவரிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், வெட்டாத துணியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, "பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்லும் மனிதர். எனக்கு அவர் வேறொரு வேலையும் செய்து கொடுத்தார்.

நான் இருபத்தாறு வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன். பக்கவாதம் வந்து லைசென்ஸ் போனது. லாரி ஓட்டும் கேமையும், அதற்கென்றே சினிமாத் திரை போல நீளமான ஒரு டிவியையும் மகன் வாங்கிவந்து மாட்டினான். அவன் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் வம்பு தொடங்கியது. படம் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. "வாங்குன டிவில கால்வாசி தூங்குது பாய்" என்று, சட்டை கொண்டுவந்த ஜமால் பாயிடம் புலம்பினேன். அவர் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒரு பட்டனை அமுக்கியதும் படம் திரை முழுக்க விரிந்தது. எனக்கு ஏக சந்தோஷம். பாய் மட்டும் கழுத்தில் கிடந்த மஞ்சள் டேப்பை உருவி, லாரிச் சக்கரத்தை அளந்தார்.

"அலாமாக்! உயரம் ஆறு, அகலம் எட்டு. இது டயரா, முட்டையா?"

வேறொன்றை அமுக்கினார். சக்கரம் உருண்டையானது, ஆனால் மேலே வானமும் கீழே வேக முள்ளும் காணாமல் போயின.

"காலரையும் வெட்டிட்டான், கீழ்மடிப்பையும் வெட்டிட்டான். துணி மிச்சமிருக்குன்னு ஆளைப் பிடிச்சு இழுக்கக்கூடாதுண்ணே. மிச்சம் மிச்சமாவே இருக்கட்டும் லா."

பழையபடி பட்டையோடு வைத்து அளந்தார். ஆறுக்கு ஆறு.

"இப்ப ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். இடப்பக்கம் ஒரு மின்கம்பத்தில் மோதினேன். அடுத்தது ஒரு பஸ் ஸ்டாப். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "படம் சரியில்ல பாய்!" என்று கத்தினேன்.

"படம் சரிதான், அளந்தாச்சு" என்றவர், சிரிப்பை நிறுத்திவிட்டு, "இடது ஓரத்துல உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார்.

யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். பக்கவாதத்தில் இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போயிருந்தது. டாக்டருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மகன் அறிந்தால் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவான். டிவியைத் திட்டிக்கொண்டே இருந்தால் கண்ணைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பாய் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன். படம் முடிந்து கறுப்பு தொடங்கும் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக அந்த மஞ்சள் டேப்பை ஒட்டினார். "டேப்பு கண்ணுல படுற வரைக்கும் கழுத்தைத் திருப்புங்க. அதுக்கு முன்னாடி, பாத்துட்டேன்னு சொல்லாதீங்க."

அதன்பின் வெள்ளிதோறும் தொழுகை முடிந்து வருவார். பக்கத்தில் உட்கார்ந்து "டேப்பு! டேப்பு!" என்று கத்துவார். கம்பங்கள் குறைந்தன. ஒருநாள் லாரியைப் பின்னுக்கெடுத்து, கீறல் இல்லாமல் கொட்டகைக்குள் விட்டேன். பாய் எழுந்து நின்று எனக்கு சல்யூட் அடித்தார். என் மனைவி கலக்கிய தே தாரிக்கை மூன்று கிளாஸ் குடித்தார். அதே சூட்டில் நான் மகனுக்குப் போன் போட்டுக் கண் விஷயத்தைச் சொன்னேன். அவன் வேலையை விடவில்லை. "டேப்பை மட்டும் எடுத்துடாதீங்கப்பா" என்றான்.

அந்த டேப்பை பாயின் மகள் கேட்டால் கொடுத்துவிடுவேன். கழுத்து பழகிவிட்டது, பசாருக்குப் போக சாலையைக் கடக்கும்போதும் தானாகத் திரும்புகிறது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் திருப்பலைத்தான்.

அடக்கத்துக்கு எடுக்குமுன் முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். குனிந்தேன், பாதி முகம்தான் தெரிந்தது. பின்னால் வரிசை நின்றது. நான் அவசரப்படவில்லை. மறுபக்கத்துக் கன்னம் தெரியும்வரை கழுத்தைத் திருப்பி, ஜமால் பாயை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.