சத்தம் வரும் வரை

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் வாசல் பலகையில் கைரோபிராக்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். மருந்து, ஊசி எதுவும் இல்லாமல் கையாலேயே முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்கிறவர் என்று அர்த்தம். வாயில் நுழையாததை எதற்குச் சுமப்பது என்று தெருவில் அவரைச் சொடக்கு டாக்டர் ஆக்கிவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும். அதனால் எல்லாரும் முதுகுக்குப் பின்னாலேயே சொல்கிறோம். அவர் தொழிலுக்கு அதுதானே பொருத்தம்.

அவருடைய மேசையில் குப்புறப் படுத்து, முகத்துக்கென்று விட்டிருக்கும் ஓட்டையில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கைகள் இரண்டும் முன்பக்கம் கீழே தொங்கும். அத்தான் முதுகில் உள்ளங்கையைப் பதித்து, மூச்சை விடச் சொல்லி, ஒரே அழுத்து. டக் என்று ஒரு சத்தம் வரும். உடனே நிமிர்ந்து, "வந்துருச்சு" என்பார். என்ன வந்தது, எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சத்தம் வராவிட்டால், "இன்னும் வரல" என்று மறுபடி அழுத்துவார். அப்போதும் வராவிட்டால் இன்னும் பலமாக. சத்தம் வந்த பிறகுதான் ஆளை எழுந்திருக்க விடுவார்.

கெட்டவர் இல்லை. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போவார். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நாலாவது காலைக் காட்டினால், அது நழுவிய எலும்பு, அழுத்தினால் உள்ளே போய்விடும் என்பார்.

நான் அக்காவின் தங்கை. அத்தான் சிபாரிசில் அவர்களுடைய சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இந்தத் தொழில் செய்கிறவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வருடா வருடம் தொடர் கல்வி வகுப்புக்கு வந்தாக வேண்டும். ஊரில் பயோமெக்கானிக்ஸ் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. உடம்பில் எந்த விசை எங்கே போய் என்ன செய்கிறது என்று அளக்கிற இடம். அங்கே கண்டுபிடிப்பதை இவர்கள் காதில் போடுவதும், இவர்கள் அனுபவத்தை அங்கே கொண்டு போய்ச் சேர்ப்பதும் என் உத்தியோகம். சங்கத் தலைவர் என்னைப் பாலம் என்று மேடையில் புகழ்ந்தார். பாலத்தை எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் போவார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கள் வகுப்பை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் ஒரு கூடம். நாள் முழுக்க மற்றவர்களிடம் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே சாய்த்துப் போட்ட மூட்டை மாதிரி நாற்காலியில் சரிந்து கிடப்பார்கள். உபதேசம் ஊருக்குத்தானே. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் தேநீர் இடைவேளையோடு காணாமல் போவார்கள். அத்தான் ஓடிப்போக மாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து நேர்மையாகத் தூங்குவார்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்தவரைத்தான் ஆய்வுக்கூடத்து அம்மா ஒருநாள் எழுப்பிவிட்டார். சின்ன உருவம், மெல்லிய குரல். பொம்மை முதுகை அழுத்தி அளந்த வளைந்த கோடுகளைத் திரையில் காட்டிப் பேசிக்கொண்டே வந்தவர், "சத்தம் வந்தாத்தான் குணமாகும்னு இல்லைங்க. சத்தம் வரலைன்னு திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்" என்றார்.

அத்தான் கண்ணைத் திறந்தார். எழுந்து நின்றார்.

"நீங்க பொம்மைய அழுத்துறீங்கம்மா. நாங்க மனுஷங்கள அழுத்துறோம்."

கூடம் கைதட்டியது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அத்தான் அவருக்கு வைத்த பெயர் தராசுக்காரி.

அதே வருடம் சங்கம் ஒரு முடிவெடுத்தது. வெளியாட்களையே நம்பிக்கொண்டிருக்காமல், தொழில் செய்கிறவர்களிலேயே ஒருவரைப் பயிற்றுநராகப் போடுவது. ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அழுத்திக் காட்ட வேண்டும், அளவு சரியாக இருக்கிறவருக்கே பதவி. அத்தானுக்கு அந்தப் பதவி மேல் வந்த ஆசையைப் பற்றி என்ன சொல்ல. பின் வரிசையில் தூங்கியே தேய்ந்தவருக்கு முன் மேடை தெரிந்துவிட்டது. முடிவெட்டுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது, தபால்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வாசல் பலகையில் பயிற்றுநர் என்று எழுத இடம் விட்டு, பழைய எழுத்துகளை மேலே ஏற்றி எழுத வைத்தார். பலகை பாதி காலியாக நின்றது. கிடைக்காமல் போனால் அந்தக் காலி இடத்தைத் தெருவே பார்க்கும் என்று அக்கா கவலைப்பட்டாள்.

"என் கைக்கு என்ன குறைச்சல்" என்றார் அத்தான்.

சோதனை நாளன்று, ஆய்வுக்கூடம் இருக்கிற கல்லூரியின் கீழ்த்தளத்தில் எல்லாரும் கூடினோம். மேசையில் ஒரு ரப்பர் பொம்மை. தலை கிடையாது, கால் கிடையாது, முதுகு மட்டும். அதற்கு அடியில் விசையை அளக்கிற கருவி. அழுத்தினால் சுவரில் உள்ள திரையில் ஒரு கோடு எழும்பும். பச்சைப் பட்டைக்குள் நின்றால் சரி, சிவப்பைத் தொட்டால் தப்பு. ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள். சிலருடைய கோடு பச்சைக்கு வராமலே படுத்துக்கொண்டது, சிலருடைய கோடு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.

அத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டைக்கையை மடித்தார். உள்ளங்கையைப் பதித்து ஓர் அழுத்து. கோடு எழும்பி பச்சைக்கு நட்டநடுவில் நின்று அழகாக இறங்கியது. அதுவரை யாரும் அப்படிச் செய்யவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார். போதும்" என்றார் அந்த அம்மா.

அத்தான் கையை எடுக்கவில்லை. "இன்னும் வரல" என்றார்.

மறுபடி அழுத்தினார். கோடு பச்சையின் மேல் விளிம்பைத் தொட்டது.

"சார், பொம்மைல சத்தம் வராது."

"வராத முதுகே கிடையாதும்மா. கொஞ்சம் பொறுங்க."

அடுத்த அழுத்தில் கோடு சிவப்புக்குள் போயிற்று. கருவி கீக்கீ என்று கத்தியது. அத்தானுக்கு அது காதில் விழவே இல்லை. அவர் காது வேறு ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு முழங்காலை மேசை மேல் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் இறக்கினார். கோடு திரைக்கு வெளியே போனது. பொம்மைக்குள் ஏதோ கம்பி டக் என்று முறிந்தது.

அத்தான் நிமிர்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். "வந்துருச்சு" என்றார்.

அந்தக் கீழ்த்தளமே அதிர எல்லாரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் தங்கள் மேசையில் அதையேதான் செய்கிறவர்கள் என்பது வேறு விஷயம். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "முதல் தடவையே சரியா இருந்துச்சு சார். அதோட விட்டிருந்தா நீங்கதான். பழகிட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்" என்றார். யாரையும் தேர்ந்தெடுக்காமல் பதவியைத் தள்ளிவைத்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் அத்தான், "மட்டமான பொம்மை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கடிகாரத்தை நீட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, குளியலறையில் கிடக்கும் எடை பார்க்கும் மெஷினை மேசை மேல் வைத்து, அதன் மேல் தலையணையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். முள்ளைப் பார்ப்பார், அழுத்துவார், காதைக் கொடுப்பார். தலையணையிலும் சத்தம் வரவில்லை.

"இதுல வராது. முதுகுல வரும். நீயே பாரு, பாத்துட்டுப் போய் உங்க தராசுக்காரிகிட்ட சொல்லு" என்று என்னை மேசையின் தலைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அக்காவைக் கூப்பிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குப்புறப் படுத்தாள்.

அத்தான் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினார். டக்.

"கேட்டுச்சா? பச்சை அளவுதான். வந்துருச்சா இல்லையா?"

வந்தது உண்மை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேசைக்குக் கீழே தொங்கிய அக்காவின் கைகள் தெரிந்தன. வலது கை, இடது கையின் நடுவிரலைப் பிடித்து மடக்கியிருந்தது. அத்தான் உள்ளங்கையைத் தோள்பட்டைப் பக்கம் நகர்த்தினார். அக்காவின் கை அடுத்த விரலுக்கு நகர்ந்தது. அழுத்தினார். டக்.

"அக்கா, கையில என்ன பண்றே?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

அத்தான் குனிந்து பார்த்தார். அக்கா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் திருட்டுக் களை எதுவும் இல்லை.

"நெட்டி எடுத்தேன். சத்தம் வராம நீங்க விட மாட்டீங்க. நான் என்ன பண்ண?"

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆன புதுசுலேருந்து."

"வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேங்க. வலிச்சாத்தான் சரியாகும்னீங்க. அதுக்கப்புறம் சொல்லல."

அத்தான் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தயங்கித் தயங்கி, "கிளினிக்குக்கு வர்றவங்க?" என்று கேட்டார். கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புகிறவள் அக்காதான்.

"புதுசா வர்றவங்க பயந்துபோய் உக்காந்திருப்பாங்க. பாவமா இருக்கும். விரல்ல நெட்டி வருமான்னு கேப்பேன். வரும்னா, அப்ப கவலைப்படாம போங்கன்னு அனுப்புவேன். மத்தவங்க அவங்களுக்குள்ளயே சொல்லிக்குவாங்க."

ஊருக்கே தெரிந்த ரகசியம் டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் முதல் கிளினிக்கில் புதுச் சட்டம். படுப்பவர் விரல்களை விரித்து, கைகளை அத்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில் நீட்டி வைக்க வேண்டும். அக்கா சொல்லிச் சொல்லி என்னிடம் சிரித்தாள். முதல் நாள் முழுக்க அந்த அறையில் ஒன்றிரண்டைத் தவிரச் சத்தமே இல்லையாம். ஒவ்வொரு முதுகின் மேலும் அத்தான் ஒரு தடவை அழுத்திவிட்டு, இன்னொரு தடவை அழுத்தத் துடிக்கிற கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாராம். தபால்காரர் எழுந்து இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் டாக்டர் நல்லா இருக்கு" என்றாராம். அத்தானுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூட இறங்கியிருக்கும்.

அந்த வாரம் வந்தவர்களில் பலரும் அப்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். வாரக் கடைசியில் அவரே என் அலுவலகத்துக்கு வந்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அந்த அம்மா மறுபடி எப்ப வரச் சொல்றாங்கன்னு கேளு" என்றார். தராசுக்காரி அம்மாவாகிவிட்டதை நான் கவனித்தேன், குத்திக்காட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய காரியம்.

மறுசோதனையில் புதுப் பொம்மை மேல் ஒரே அழுத்து. கோடு பச்சையில் நின்றது. அத்தான் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பதவி கிடைத்தது, பலகையும் நிறைந்தது.

ஆனால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்தால் ஏமாந்தோம். முதல் வகுப்பை ஆய்வுக்கூடத்திலேயே வைத்தோம். மேடையேறியதும், கழுத்துப்பட்டியில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு, "சத்தம் முக்கியமே இல்லை. இது நான் என் சொந்த கிளினிக்ல, சொந்தமா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்று ஆரம்பித்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆய்வுக்கூடத்து அம்மா, அத்தான் வழக்கமாகத் தூங்குகிற கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

உயிருள்ள முதுகில் செய்துகாட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூட இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் நம்பிக் கொடுக்கிற கூட்டமா அது. கடைசியில் அக்காதான் எழுந்து போய், அளக்கிற மேசையில் குப்புறப் படுத்தாள்.

"பாருங்க, ஒரே தடவை, பச்சைக்குள்ள. சத்தம் வராது. வரலைன்னாலும் கையை எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு, அத்தான் உள்ளங்கையை அவள் முதுகில் பதித்தார்.

டக்.

எல்லாரும் திரையைப் பார்த்தோம். கோடு அடியிலேயே படுத்திருந்தது, அசையவில்லை. கூடம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, அவள் முகம் இருந்த ஓட்டைப் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் பேசினார். கழுத்துப்பட்டியில் ஒலிவாங்கி இருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"நான் இன்னும் அழுத்தவே இல்லையேம்மா."

"தெரியும்" என்றாள் அக்கா. "எதுக்கும் இருக்கட்டும்னுதான்."