இடுப்பில் செருகிய ஓமப் பொட்டணம்

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். செம்பூர் திலக் நகரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். மழை தொடங்கிவிட்டால் என் மூக்கு என் பேச்சைக் கேட்காது. விடிந்ததும் அடுக்குத் தும்மல், பிறகு அடைப்பு. அப்பா மான்குர்த் பக்கம் போய் நொச்சித் தழை ஒடித்து வருவார். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் ஓமமும் கருஞ்சீரகமும் வறுத்து, இடித்து, துணியில் முடிந்த பொட்டணம்தான் கதி. அதை முகர்ந்துகொண்டேதான் வீட்டு வேலை எல்லாம்.

அந்த மழையில்தான் தாராவியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா நொச்சித் தழையை அள்ளி ஒளித்துவிட்டு, வாசம் தெரியாமலிருக்க ஊதுபத்தி கொளுத்தினாள். பொட்டணத்தை மட்டும் நான் விடவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பட்டறை வைத்திருந்தவர், கறாரான ஆள். உட்கார்ந்ததுமே, "அம்பர்நாத்துல ஒரு பொண்ணு பாத்தோம். மழைக்கு இழுப்பு வருமாம், வேண்டாம்னுட்டோம்" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "எம் பொண்ணுக்குச் சளின்னு ஒரு நாள் மூக்கு ஒழுகினதில்ல, பாத்துக்கிடுங்க."

காபி கொடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். பொட்டணம் நழுவி மாப்பிள்ளையின் அம்மா காலடியில் விழுந்தது. ஓம வாசம் குப்பென்று எழுந்தது. "என்னது அது?" என்றார் அவர் கணவர். அம்மா தலையைத் தொங்கப் போட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் நிதானமாக அதை எடுத்து முகர்ந்து பார்த்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "எம் பொட்டணம்லா. வார வழியில நனஞ்சேன், மூக்கு அடைச்சிட்டு. நீங்க காப்பியக் குடிங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. மழை வந்தால் என் தலையணைக்கடியில் புதுப் பொட்டணம் இருக்கும், நான் கேட்காமலே. வீட்டில் ஓமம் மணக்கும்போதெல்லாம் மாமனார், "ஏட்டி, மழை பேஞ்சா போதும், ஒனக்கு மூக்கு அடைச்சிரும்" என்று மாமியாரைத்தான் ஏசுவார். அவரும் ஆமாம் என்று தலையாட்டிக்கொள்வார். உள்ளறையில் நான் பொட்டணமும் கையுமாக நின்றிருப்பேன்.

மாமனார் காலமாகும்வரை அது மாமியாரின் வியாதியாகவே இருந்தது. ஒரு நாள்கூட, "மூக்கடைப்பு எனக்குத்தான் மாமா" என்று வெளியே வந்து நான் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஓமம் வறுக்கிற வாசம் வந்தால், எனக்கு உடம்பு கூசிப் போகிறது.